சிப்செட்டுக்கு விசிறி தேவையா? சென்னையில் கணினி வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகக் கணினி அசெம்பிள் செய்ய ரிட்சி தெருவுக்குப் போகிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பிராசசர், ராம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட் என ஒவ்வொன்றையும் நாலு பேரிடம் விசாரித்து எழுதியிருப்பார். பிராசசருக்கு எந்தக் கூலர் என்பதுகூட அதில் இருக்கும். மதர்போர்டின் கீழ்ப்பாதியில், நிறுவனத்தின் சின்னம் பொறித்த உலோகத் தகட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சிப்செட் மட்டும் எந்தப் பட்டியலிலும் வராது. மே மாதம் வந்து, எக்ஸ்டர்னல் டிரைவ் தானாகத் துண்டிக்கப்படும்போதும், எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போகும்போதும்தான் அந்தத் தகட்டைப் பற்றிய நினைப்பு வருகிறது.

அந்தத் தகடு இரண்டு வகையாக வரும். அசையும் பாகம் எதுவும் இல்லாத வெறும் ஹீட் சிங்க் ஒரு வகை. அதற்குள்ளேயே 30 அல்லது 40 மி.மீ. அளவில் குட்டி விசிறி பொருத்தியது இன்னொரு வகை. எதை வாங்குவது, கையில் இருப்பதை எப்படிக் காப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் வீட்டுக்கோ சிறு அலுவலகத்துக்கோ கணினி வாங்குகிறவர் விசிறியில்லாத சிப்செட் கொண்ட போர்டையே தேட வேண்டும். கூடவே, கேபினட்டின் முன்பக்கத்தில் மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி ஒன்றையும் மாட்டிவிட வேண்டும். விதிவிலக்குகள் உண்டு; அவையும் கீழே வருகின்றன.

சிப்செட் ஏன் சுடுகிறது?

யுஎஸ்பி, சாட்டா, நெட்வொர்க், ஒலி, எஸ்எஸ்டி செருகும் கூடுதல் எம்.2 இணைப்புகள் என்று பிராசசரோடு நேரடியாகச் சேராத பெரும்பாலான இணைப்புகள் சிப்செட் வழியாகத்தான் போகின்றன. முன்பு இதன் சுமை இன்னும் அதிகம். நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ் என்று இரண்டு சில்லுகள் இருந்தன. ராமைக் கட்டுப்படுத்தும் வேலை நார்த் பிரிட்ஜிடம் இருந்தது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 பிராசசருக்குள் அந்த வேலையைக் கொண்டுபோனது. இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7-இல் அதையே செய்தது. அப்படியும் அந்த ஐ7-க்கு வந்த எக்ஸ்58 சிப்செட்டின் நார்த் பிரிட்ஜ் சில்லுக்கு இன்டெல் குறித்திருந்த வெப்ப அளவு 24.1 வாட். அந்தக் கால போர்டுகளில் செம்புக் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடியதற்குக் காரணம் அதுதான்.

இன்று நிலைமை வேறு. இன்டெல்லின் எச்610, பி760, இசட்790 ஆகிய மூன்று சிப்செட்டுகளுக்குமே அந்த நிறுவனம் குறிப்பிடுவது 6 வாட். இந்த அளவுக்கு வெறும் அலுமினியத் தகடு போதும். விசிறி மறுபடி தலைகாட்டியது 2019 ஜூலையில், ஏஎம்டியின் எக்ஸ்570 சிப்செட்டோடு. கிராஃபிக்ஸ் கார்டையும் எஸ்எஸ்டியையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியின் 4.0 வேகத்தை வீட்டுக் கணினிகளில் முதலில் கொண்டுவந்த சிப்செட் அது. இணைப்பின் வேகம் இரட்டிப்பானபோது வெப்பமும் கூடியது. சுமார் 11 வாட் வரை உமிழக்கூடியது என்பதால், ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பாளர்களும் அதன் தலையில் குட்டி விசிறியை வைத்தார்கள். ஜிகாபைட்டின் எக்ஸ்570 ஆரஸ் எக்ஸ்ட்ரீம் போன்ற மிக விலையுயர்ந்த சில போர்டுகள் மட்டும் பெரிய ஹீட் சிங்க்கோடு விசிறியில்லாமல் வந்தன. அடுத்த ஆண்டு வந்த பி550 சிப்செட் தன் பங்குக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-ஓடு நிறுத்திக்கொண்டது, அதற்கு விசிறி தேவைப்படவில்லை. 2021-இல் எக்ஸ்570எஸ் என்ற பெயரில் அதே எக்ஸ்570 விசிறியில்லாத போர்டுகளில் வெளிவந்தது. பிறகு எக்ஸ்670 வந்தபோது வேலையை இரண்டு சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுத்து, வெப்பத்தையும் இரண்டு இடங்களுக்குப் பரப்பிவிட்டார்கள்.

ஆகவே இன்று கடையில் புதிதாக வாங்கும் போர்டுகளில் விசிறியுள்ள சிப்செட் அரிது. பழைய எக்ஸ்570 போர்டு வைத்திருப்பவர்கள், இரண்டாம் கையாக வாங்குபவர்கள், 2004-ஐ ஒட்டி வந்த என்ஃபோர்ஸ்4 போன்ற பழம் போர்டுகளை ஆசையோடு பாதுகாப்பவர்கள்தான் இதை நேரில் சந்திப்பார்கள். மற்றவர்களுக்கு, தங்கள் போர்டின் வெறும் தகடு சென்னைக் கோடையைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

ஒரு கூட்டல் கணக்கு

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் தானாக விளங்கிவிடும். அறையின் வெப்பம், கேபினட்டுக்குள் கூடும் வெப்பம், சிப்செட் தன் வாட்டால் ஏற்றிக்கொள்ளும் வெப்பம் ஆகிய மூன்றையும் கூட்டினால் சிப்செட்டின் வெப்பநிலை கிடைக்கும்.

சிறிய தட்டையான ஹீட் சிங்க், காற்று அசையாத இடத்தில், ஒவ்வொரு வாட்டுக்கும் 5 டிகிரி ஏற்றும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 6 வாட் சிப்செட் என்றால் 30 டிகிரி. ஏசி போட்ட அறை 25 டிகிரி, கேபினட்டுக்குள் 8 டிகிரி கூடுதல் என்றால் மொத்தம் 63. கவலையே இல்லை. அதே கணினியை மே மாதப் பிற்பகலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஏசி இல்லாத அறையில் வையுங்கள். அறை 37 டிகிரி. கூட்டினால் 75. இதுவும் தாங்கக்கூடியதே. இப்போது 6 வாட்டுக்குப் பதில் 11 வாட் போட்டுப் பாருங்கள். சிப்செட் மட்டும் 55 டிகிரி ஏற்றும், மொத்தம் 100. எக்ஸ்570 போர்டுகளில் விசிறி ஏன் வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

அந்த ஹீட் சிங்க்கின் மேல் லேசான காற்றோட்டம் கிடைத்தால் வாட்டுக்கு 5 டிகிரி என்பது 3-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கும். 11 வாட் அப்போது ஏற்றுவது 33 டிகிரிதான். காற்று எந்த விசிறியிலிருந்து வருகிறது என்பதைப் பற்றித் தகட்டுக்குக் கவலை கிடையாது. சில்லின் தலையிலேயே இருக்கும் 40 மி.மீ. விசிறி கொடுத்தாலும் சரி, கேபினட்டின் முன்னால் இருக்கும் 120 மி.மீ. விசிறி கொடுத்தாலும் சரி. இதனால்தான் பெரிய விசிறியைப் பரிந்துரைக்கிறேன்.

சென்னையின் வானிலை பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை. புழுக்கமாக இருந்தால் கணினியும் அதிகம் சூடாகும் என்று பலர் நினைக்கிறார்கள். புழுக்கத்தில் நமக்கு வியர்வை காயாததால் உடல் வெம்மையாகத் தெரிகிறது. சில்லுக்கு வியர்ப்பதில்லை, அது பார்ப்பது காற்றின் வெப்பநிலையை மட்டும்தான். ஆகவே கடற்காற்று சீக்கிரம் உள்ளே வரும் நாள், நமக்கு எவ்வளவு பிசுபிசுப்பாக இருந்தாலும், கணினிக்கு நல்ல நாள். கடற்காற்று தாமதித்து மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் கத்திரி நாள்தான் அதற்குக் கெட்ட நாள். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளையும் கணக்கில் வைத்துத்தான் நாம் கணினியை அமைக்க வேண்டும். ஈரப்பதத்தால் வரும் கெடுதல் வேறு வகை. அதைச் சுத்தம் செய்யும் பகுதியில் சொல்கிறேன்.

இரண்டின் குணங்கள்

வெறும் ஹீட் சிங்க்கின் பெரிய பலம், அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை என்பது. சத்தமில்லை, மின்சாரம் வேண்டாம், பத்து ஆண்டுக்குப் பிறகும் அலுமினியம் அலுமினியமாகவே இருக்கும். அதற்கு வேண்டியது மூன்று: போதிய பரப்பு, சில்லோடு நல்ல தொடர்பு, சுற்றிலும் காற்று. முதலாவதில்தான் இன்றைய போர்டுகள் ஏமாற்றம் தருகின்றன. பளபளக்கும் மேல்மூடி, வண்ண விளக்கு, சின்னம் என்று அலங்காரத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, வெப்பத்தைக் காற்றில் கரைக்க வேண்டிய மெல்லிய தகடுகளைக் குறைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பள்ளமும் மேடுமாக, தகடு தகடாக வெட்டிய ஹீட் சிங்க்கே நல்லது. காற்றோட்டம் குறைந்த இடத்தில் பளபளப்பான உலோகத்தைவிடக் கறுப்புப் பூச்சு கொஞ்சம் கூடுதல் வெப்பத்தை வெளியேற்றும்.

விசிறியின் பலம் தெளிவானது. காற்று கட்டாயமாகக் கிடைக்கும்; ஹீட் சிங்க் சிறியதாக இருந்தாலும் சமாளிக்கும். பலவீனங்கள் மூன்று. குட்டி விசிறி போதிய காற்றைத் தர வேகமாகச் சுழல வேண்டும், அதனால் கீச்சென்ற சத்தம் வரும். இரவில் எல்லாம் அடங்கிய பிறகு அந்தச் சத்தம் காதில் ஊசி போல இறங்கும். இரண்டாவது, அது இருக்கும் இடம். பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருப்பதால், அது இழுப்பது ஏற்கெனவே சூடான காற்றைத்தான். மூன்றாவது, விசிறியின் அச்சைத் தாங்கும் பேரிங். மலிவான ஸ்லீவ் பேரிங்கில் இருக்கும் எண்ணெய் வெப்பத்தில் மெல்ல மெல்ல வற்றும், தூசி சேரும், முதலில் கரகரக்கும், பிறகு நிற்கும். நின்றபின் நிலைமை வெறும் ஹீட் சிங்க்கைவிட மோசம். ஏனென்றால், விசிறியை நம்பிச் சிறியதாகச் செய்யப்பட்ட தகடு அது; அதன் மேல் நின்றுபோன விசிறி மூடிபோல் உட்கார்ந்து, இருக்கும் கொஞ்சக் காற்றையும் தடுக்கும்.

படி 1: உங்கள் போர்டை அடையாளம் காணுங்கள்

போர்டின் மாடல் பெயர் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். விண்டோஸில் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்திலும் பார்க்கலாம். மாடல் தெரிந்தால் சிப்செட் தெரிந்துவிடும். தயாரிப்பாளரின் தளத்தில் கையேட்டை இறக்கி, எந்த எம்.2 இடம் பிராசசரோடு நேரடியாக இணைகிறது, எது சிப்செட் வழியாக இணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இது பின்னால் உதவும்.

படி 2: அளந்து பாருங்கள்

ஊகத்தில் எதையும் கழற்ற வேண்டாம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, சென்சார் பட்டியலில் சிப்செட் அல்லது பிசிஎச் (சிப்செட்டுக்கு இன்டெல் வைத்த பெயர்) என்று வரும் வரியைத் தேடுங்கள். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் எல்எம்-சென்சார்ஸ் நிறுவினால், பல இன்டெல் போர்டுகளில் பிசிஎச் வெப்பநிலை தெரியும். சில போர்டுகளில், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையிலேயே காட்டும்.

அளக்கும் நேரம் முக்கியம். காலை ஆறு மணிக்கு அளந்து நிம்மதி அடையக் கூடாது. பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள், ஏசி போடாமல், கேபினட்டை மூடிய நிலையில் சோதியுங்கள். சிப்செட்டோடு இணைந்த எஸ்எஸ்டியிலிருந்து பெரிய கோப்புகளை நகலெடுக்க விடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கூடவே ஒரு விளையாட்டையும் ஓடவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து, ஏறியிருக்கும் உச்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்சாரே இல்லாத பழைய போர்டு என்றால்? கொரோனா காலத்தில் வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானி பல வீடுகளில் இருக்கிறது. நெற்றிக்கென்றே செய்யப்பட்டவை உடல் வெப்ப எல்லைக்கு மேல் காட்டாது. பொருள்களின் வெப்பத்தை அளக்கும் வகை அல்லது வசதி வேண்டும். அதிலும் பளபளப்பான அலுமினியத்தை நேராகக் குறி வைத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தகட்டின் மேல் ஒரு சிறு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அது சூடேறிய பிறகு அதன் மேல் அளந்தால் நம்பத்தக்க அளவு கிடைக்கும். உள்ளே சில்லு அதைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

விரலால் தொட்டுப் பார்ப்பதும் ஒரு வழிதான். முதலில் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு நிலைமின்னூட்டத்தை இறக்கிவிட்டு, பிறகு தொடுங்கள். சில விநாடிகளுக்கு மேல் விரலை வைக்க முடியவில்லை என்றால் தகடு ஏறக்குறைய 60 டிகிரியில் இருக்கிறது. இது பழுது ஆகாது; ஹீட் சிங்க் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். தகடு குளிர்ந்திருந்து சென்சார் மட்டும் 90 காட்டினால்தான் பயப்பட வேண்டும். சில்லுக்கும் தகடுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

நான் பின்பற்றும் எல்லைகள் இவை. கோடைப் பிற்பகலில் 75-க்குள் இருந்தால் எதையும் தொட வேண்டாம். 75-க்கும் 85-க்கும் இடையில் என்றால் காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள். 85-ஐத் தாண்டினால் ஹீட் சிங்க்கின் தொடர்பையும் பார்க்க வேண்டும். 90-க்கு மேல் நாள் முழுவதும் ஓடவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

அறிகுறிகளையும் பிரித்தறிய வேண்டும். பிராசசர் சூடானால் கணினி வேகம் குறையும் அல்லது பட்டென்று அணையும். சிப்செட் சூடானால் யுஎஸ்பி சாதனங்கள் துண்டிக்கப்பட்டுத் திரும்ப இணையும், சாட்டா டிரைவ் மறையும், நெட்வொர்க் அறுந்து அறுந்து வரும், திரை உறைந்து நிற்கும். இவை பிற்பகலில் மட்டும் வந்து இரவில் போய்விட்டால் சந்தேகத்தை உறுதியாகச் சிப்செட் பக்கம் திருப்பலாம். நாள் முழுவதும் வந்தால் கேபிளையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் முதலில் பாருங்கள்.

படி 3: செலவில்லாமல் செய்யக்கூடியவை

நம் வீடுகளில் கணினி மேசை என்று வாங்குவதில் சிபியு வைக்க ஓர் அடைத்த அறை இருக்கும். பின்னால் பலகை, பக்கத்தில் பலகை, முன்னால் கதவு. கேபினட் வெளியேற்றும் சூடான காற்று அங்கேயே சுற்றி மீண்டும் முன்பக்கம் வழியாக உள்ளே போகும். வேறெந்தக் குறையையும்விட அந்த அறை அதிகக் கெடுதல் செய்கிறது. பின்பலகையைக் கழற்றிவிடுங்கள், முடிந்தால் கேபினட்டையே வெளியே எடுத்து, தரையிலிருந்து சற்று உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அடுத்து, சிப்செட்டோடு இணைந்த இடத்தில் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தால் அதைப் பிராசசரோடு நேரடியாக இணைந்த எம்.2 இடத்துக்கு மாற்றுங்கள். தரவுப் போக்குவரத்து சிப்செட்டைத் தொடாமல் போகும். எக்ஸ்570 வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல நிவாரணம். அவர்கள் பயாஸையும் புதுப்பிக்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் சிப்செட் விசிறியின் வேகத்தைத் தணிக்கும் அமைப்புகளைப் பின்னால் சேர்த்தார்கள். குறிப்பிட்ட வெப்பம் வரை விசிறி நின்றேயிருக்கும் வகையிலும் சிலவற்றில் வைக்கலாம். ஆனால் சென்னைக் கோடையில் அமைதிக்காக விசிறியை முற்றிலும் நிறுத்தும் அமைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நடுத்தர அமைப்பு போதும்.

படி 4: காற்றுக்கு வழி செய்யுங்கள்

சிப்செட் மதர்போர்டில் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள்: கீழ்ப்பாதி, கேபினட்டின் முன்பக்கத்தை ஒட்டி. அதாவது முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியில் மாட்டும் விசிறி ஏறக்குறைய நேராக அதன் மேல்தான் வீசும். அந்த இடத்தில் 120 மி.மீ. விசிறி ஒன்றை உள்ளே இழுக்கும் திசையில் மாட்டுங்கள். பெரும்பாலான விசிறிகளில், சட்டகத்தின் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம் காற்று வெளியேறும் பக்கம். அது போர்டை நோக்கி இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 800 சுற்று போதும். அந்த வேகத்தில் நல்ல விசிறியின் சத்தம் சீலிங் ஃபேன் சத்தத்தில் அமுங்கிப்போகும். செலவு சில நூறு ரூபாய்.

இடையில் பழைய ஹார்டு டிஸ்க் கூண்டு காலியாக இருந்தால் கழற்றி எடுத்துவிடுங்கள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ மூடிய கேபினட் என்றால், எத்தனை விசிறி மாட்டினாலும் இழுக்கக் காற்று இருக்காது. வாங்கும்போதே வலை போட்ட முன்பக்கம் உள்ளதைக் கேளுங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் நீளம் சிப்செட்டை முழுதாக மூடினால் மட்டும், கார்டுக்குக் கீழே, கேபினட்டின் அடித்தளத்திலிருந்து மேல்நோக்கி வீசும் விசிறி ஒன்றைச் சேர்க்கலாம்.

பிராசசருக்கு லிக்விட் கூலர் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேடியேட்டரை மேலே மாட்டிவிட்டு முன்பக்கத்தைக் காலியாக விட்டால், பிராசசர் குளிர்ந்திருக்க, போர்டின் மற்ற பாகங்கள் காற்றே இல்லாமல் வேகும். பிராசசர் வெப்பத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

படி 5: சுத்தம்

ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: ஏப்ரலில் கத்திரிக்கு முன், பிறகு ஆயுத பூஜையின்போது. பூஜைக்குக் கேபினட்டின் வெளிப்புறத்தைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் வீடுகளில், அதே நாளில் பக்கவாட்டுப் பலகையையும் திறந்து உள்ளே சுத்தம் செய்துவிடலாம். குங்குமத்தைக் காற்றுத் துளைகளுக்குத் தள்ளி வையுங்கள். முன் விசிறி அந்தத் தூளை உள்ளே இழுத்துவிடும்.

மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தகடுகளின் இடுக்குகளைத் தட்டிவிடுங்கள். புளோவர் இருந்தால் சற்றுத் தொலைவிலிருந்து ஊதுங்கள். ஊதும்போது சிப்செட் விசிறியின் இதழை விரலாலோ மரக்குச்சியாலோ பிடித்துக்கொள்வது கட்டாயம். வேகமாக ஊதிச் சுழலவிட்டால் பேரிங் கெடும். கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் நிறைந்த அறையில் இருக்கும் விசிறியில் தூசி பிசினாக ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் வரும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், இராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் வரும் ஈரம் தூசியோடு சேர்ந்து போர்டின் மேல் படியும். காய்ந்த தூசி வெப்பத்தைத் தடுப்பதோடு நின்றுவிடும். உப்பும் ஈரமும் கலந்த தூசி மின்கசிவுக்கும் அரிப்புக்கும் வழி செய்யும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கணினியைப் பல நாட்கள் அணைத்தே வைப்பதைவிட, தினமும் சிறிது நேரம் ஓடவிடுவது நல்லது. உள்ளே எழும் வெம்மை ஈரத்தை விரட்டும். ஜன்னலோரத்தில், கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தில் கேபினட்டை வைக்க வேண்டாம். கடற்காற்றின் குளிர்ச்சி சில்லுக்கு நல்லதுதான் என்றாலும், அதிலுள்ள உப்பு விசிறியின் அச்சுக்கும் இணைப்பு முனைகளுக்கும் எதிரி.

படி 6: ஹீட் சிங்க்கைக் கழற்றுவது

வாரன்டி உள்ள போர்டில் இதைச் செய்யாதீர்கள். சர்வீஸ் மையத்துக்கே கொண்டுபோங்கள். வாரன்டி முடிந்து, அளவு 85-ஐத் தாண்டி, காற்றோட்டத்தாலும் இறங்கவில்லை என்றால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள்.

போர்டை முழுதாக வெளியே எடுங்கள். திருகுகள் இருந்தால் பின்பக்கத்திலிருந்து, மூலைவிட்டமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் ஆணி என்றால், பின்பக்கம் விரிந்திருக்கும் முனையைச் சிறு இடுக்கியால் மெல்ல நெருக்கினால் தானாக வெளியேறும். சில்லுக்கும் தகடுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து பசைபோல் பிடித்திருந்தால் நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, மிக மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பினால் விடும். பல சிப்செட்டுகளில் சிலிக்கன் சில்லு மூடியில்லாமல் நேராகத் தெரியும். ஒரு மூலையில் அழுத்தம் கூடினாலும் அது பெயர்ந்துவிடும். பிறகு போர்டே இல்லை.

உள்ளே பேஸ்ட் இருந்ததா, பேட் (வெப்பம் கடத்தும் மெத்தென்ற துண்டு) இருந்ததா என்று பாருங்கள். பேஸ்ட் இருந்த இடத்தில் பேஸ்ட்டையே, அரிசி மணி அளவுக்கு வையுங்கள். பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் வைத்தால் பெரும்பாலும் தோல்விதான். தகடுக்கும் சில்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பத்தான் பேட் வைத்தார்கள். பேஸ்ட்டால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. பழைய பேட்டின் அழுந்தாத ஓரத்தை அளந்து, 0.5, 1, 1.5 மி.மீ. என்று அதே தடிமனில் புதிதாக வாங்குங்கள். தடிமன் கூடினால் சில்லில் அழுத்தம் ஏறும், குறைந்தால் தொடர்பு கிடைக்காது. மாட்டும்போதும் மூலைவிட்டமாக, சிறுகச் சிறுக முடுக்குங்கள்.

படி 7: விசிறி நின்றுவிட்டால்

கரகரக்கத் தொடங்கிய விசிறிக்கு எண்ணெய் விடுவது தற்காலிகத் தீர்வு. நடுவிலிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரமோ மாதமோ ஓடும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். நாள்பட அது கெட்டியாகிப் பிசினாகி, அச்சை இறுக்கிவிடும்.

மாற்றுவதென்றால் பழைய விசிறியையே கையில் எடுத்துக்கொண்டு ரிட்சி தெருவுக்கும் அதை ஒட்டிய மீரான் சாகிப் தெருவுக்கும் போங்கள். அளவு, தடிமன், வோல்ட், இணைப்பில் எத்தனை பின் ஆகியவை பொருந்த வேண்டும். 40 மி.மீ. சதுர விசிறி என்றால் திருகுத் துளைகளுக்கு இடையே 32 மி.மீ. இருக்கும், பழைய போர்டுகளுக்கு இது எளிதில் கிடைக்கும். எக்ஸ்570 போர்டுகளில் பலவற்றின் விசிறி அந்தந்தப் போர்டுக்கென்றே செய்யப்பட்ட வடிவம். பொதுவான விசிறி பொருந்தாது. பால் பேரிங் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்லீவைவிடச் சற்று இரைச்சல் கூடுதல், ஆனால் வெப்பத்தில் நீடிக்கும்.

விசிறியை எடுத்துவிட்டு வெறும் ஹீட் சிங்க்காக மாற்றுவதும் முடியும். பழைய நார்த் பிரிட்ஜ் வகைகளில் இதை நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து, அதற்குப் பொருந்தும் உயரமான தகடு ஹீட் சிங்க்கைத் தேடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இடிக்காத உயரம்தானா என்று முதலில் பாருங்கள். மாட்டிய பிறகு, அதற்கு நேராக 80 அல்லது 120 மி.மீ. விசிறி ஒன்று மெதுவாக வீசும்படி கட்டாயம் அமையுங்கள். எக்ஸ்570-இல் விசிறியை மட்டும் கழற்றி, ஏற்கெனவே இருக்கும் சிறிய தகட்டை அப்படியே விடுவதை மட்டும் செய்யாதீர்கள். மேலே போட்ட கூட்டல் கணக்கு அங்கே உங்களுக்கு எதிராகத்தான் வரும்.

இரண்டாம் கையாக வாங்கும்போது

விசிறியுள்ள போர்டை வாங்குவதானால் கடையிலேயே மின் இணைப்பு கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பயாஸில் சிப்செட் விசிறியின் சுற்று வேகத்தைப் பாருங்கள். அது பூஜ்யம் காட்டினால், விசிறியைக் குறைந்த வெப்பத்தில் நிறுத்தி வைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து, வேகத்தை முழுதாக ஏற்றிச் சோதியுங்கள். தெருவின் இரைச்சலில் கரகரப்பு காதில் விழாது. திருகு முடுக்கியின் இரும்பு முனையை விசிறியின் நிலையான சட்டகத்தில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் பேரிங்கின் நிலை தெரிந்துவிடும். ஹீட் சிங்க்கை லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஆணி போயிருக்கிறது, அல்லது யாரோ முன்பே கழற்றி மாட்டியிருக்கிறார்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் போர்டை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.